கம்பத்துக்குக் காசில்லை, கூரைக்குக் கோடிகள்

விளையாட்டு மைதானங்களைக் கட்டவும் புதுப்பிக்கவும் அரசிடம் பணம் இருக்கிறது. புதுப்பித்ததைக் காப்பாற்றத்தான் யாருடைய பட்ஜெட்டிலும் இடமில்லை.

கண்காணிப்புக் காமிராவின் பதிவில் எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. 2025 நவம்பர் 25. ஹரியாணாவின் ரோத்தக் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் கூடைப்பந்து மைதானம். 16 வயதுப் பையன் ஒருவன் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறான். ஓடிவந்து, துள்ளி, வளையத்தைத் தொடுகிறான். மறுபடியும் துள்ளி அதைப் பற்றியபோது இரும்புக் கம்பம் அப்படியே சாய்ந்து அவன் மார்பின்மீது விழுகிறது. தேசிய அளவில் ஆடிய பையன். காப்பாற்ற முடியவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பக்கத்து ஜஜ்ஜர் மாவட்டத்திலுள்ள பகதூர்கட் நகரில் இதேபோல் ஒரு கூடைப்பந்துக் கம்பம் 15 வயதுச் சிறுவன் ஒருவன்மீது விழுந்திருந்தது. அவனும் சிகிச்சை பலனின்றி இறந்துபோனான்.

மறுநாள், நவம்பர் 26. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030ஆம் ஆண்டுப் போட்டிகளை நடத்தும் உரிமையை அகமதாபாத்துக்கு வழங்கியது. இரண்டு செய்திகளும் அடுத்தடுத்த நாட்களில் வந்தது தற்செயல். ஆனால் இந்த நாட்டில் விளையாட்டுக்கான அரசுப் பணம் எங்கே பாய்கிறது, எங்கே வற்றிப்போகிறது என்பதை இவ்வளவு அருகருகே வைத்துக் காட்டிய வாரம் வேறு இருந்திருக்காது.

ஏழை மாநிலம், அதனால் மைதானத்தைக் கவனிக்க முடியவில்லை என்று சொல்லித் தப்பிக்க ஹரியாணாவுக்கு வழியில்லை. ஒலிம்பிக் தங்கத்துக்கு 6 கோடி ரூபாய், வெள்ளிக்கு 4 கோடி, வெண்கலத்துக்கு இரண்டரைக் கோடி என்று அள்ளிக்கொடுக்கிற மாநிலம் அது. மல்யுத்தத்திலும் குத்துச்சண்டையிலும் நாட்டுக்குக் கிடைக்கும் பதக்கங்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. பிரச்சினை பணம் இல்லாதது அல்ல. ரோத்தக் தொகுதி எம்.பி. தீபேந்தர் ஹூடா, அந்த மைதானத்தைச் சீரமைக்கத் தமது தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பணம் ஒதுக்கியிருந்ததாகவும், அது செலவழிக்கப்படாமலே கிடந்ததாகவும் குற்றம்சாட்டினார். அவர் எதிர்க்கட்சிக்காரர். எனவே இதில் அரசியலும் உண்டு. மாவட்ட விளையாட்டு அதிகாரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மாநிலத்திலுள்ள மைதானங்களையும் கருவிகளையும் ஆய்வு செய்ய உத்தரவும் பிறந்தது. ஓர் அதிகாரியை இடைநீக்கம் செய்வதற்கு மட்டும் டெண்டர் தேவையில்லை!

இரும்புக் கம்பம் ஒரே நாளில் விழுவதில்லை. கான்கிரீட்டும் இரும்பும் சேருகிற இடத்தில், மழைத்தண்ணீர் தேங்குகிற தரைமட்டத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். மேலே அடித்த பெயிண்ட் அதை மறைத்துவிடும். கம்பத்தின் அடியைச் சுரண்டிப் பார்க்கவும், போல்ட்டுகளை மாற்றவும், அடித்தளத்தில் புதுசாகக் கான்கிரீட் போடவும் ஆகிற செலவு ஓர் அரசு விழாவின் பந்தல் செலவைக்கூட எட்டாது. பின் ஏன் அது நடப்பதில்லை?

முதல் காரணம், அரசின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. புதிதாகக் கட்டுவதும் பெரிய அளவில் புதுப்பிப்பதும் மூலதனச் செலவு. அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. காவலாளியின் சம்பளம், தண்ணீர், மின்கட்டணம், துருப்பிடித்த போல்ட் எல்லாம் வருவாய்ச் செலவு. நிதி நெருக்கடி என்றதும் முதலில் கத்தரி விழுவது இங்கேதான். போல்ட் மாற்றியதற்குக் கல்வெட்டு வைத்த அமைச்சர் எவரும் இல்லை.

இரண்டாவது காரணம், மைதானத்தின் சொந்தக்காரர் யார் என்ற குழப்பம். அரசியல் சட்டத்தின்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 33ஆவது இனத்தில், நாடக அரங்குகளோடும் கேளிக்கைகளோடும் சேர்த்து. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தத்தால் வந்த 12ஆவது அட்டவணை, பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் நகராட்சிகளின் பொறுப்புகளில் சேர்த்தது. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. 'சமுதாயச் சொத்துகளின் பராமரிப்பு' என்ற கடைசி வரியில் அதை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆக, நிலம் ஊராட்சியுடையது, கம்பம் நட்டது ஒரு துறை, பயிற்சி கொடுப்பது வேறு யாரோ, சீரமைப்புப் பணம் எம்.பி.யுடையது, வேலையைச் செய்யவேண்டியது மாவட்ட நிர்வாகம் கைகாட்டும் இன்னொரு துறை. இத்தனை பேருக்கும் நடுவில் ஒரு கம்பம் துருப்பிடிப்பதற்குத் தாராளமாக நேரம் கிடைக்கிறது.

எம்.பி. தொகுதி நிதியின் வழிமுறையே இதற்கு நல்ல உதாரணம். 1993இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஓர் எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆனால் பணம் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு வாங்கி ஒப்புதல் தரும், ஏதாவது ஒரு துறை வேலையைச் செய்யும், முடிந்ததும் பயன்படுத்துகிற அமைப்பிடம் ஒப்படைத்துவிடும். பராமரிப்பு அதன் பொறுப்பு. நீண்ட காலம்வரை பராமரிப்பு வேலைகள் இந்த நிதியைத் தொடக்கூடாத பட்டியலில்தான் இருந்தன. புதிதாக உடற்பயிற்சிக் கூடம் கட்டலாம். பழைய கூடத்தின் ஓட்டைக் கூரையை அடைக்கக்கூடாது. ஊர்தோறும் பூட்டிக் கிடக்கும் கூடங்களுக்குப் பக்கத்திலேயே புதுக் கூடம் முளைக்கிற அதிசயத்துக்கு இது ஒரு விளக்கம்.

மத்திய அரசின் திட்டங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2008-09இல் வந்த 'பஞ்சாயத்து யுவ கிரீடா அவுர் கேல் அபியான்' ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் மைதானம் அமைக்க ஒருமுறை மானியமாக ஒரு லட்சம் ரூபாயும், ஒன்றியத்துக்கு 5 லட்சமும் தந்தது. அத்தோடு கருவிகள் வாங்க ஆண்டுக்கு 10,000, நடத்தும் செலவுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று ஐந்தாண்டுக்கு ஒரு தொகையும் இருந்தது. மாதம் ஆயிரம் ரூபாயில் ஒரு மைதானத்தை நடத்துவது எப்படி என்று கேட்கத் தோன்றும். நியாயம்தான். ஆனாலும் 'நடத்தும் செலவு' என்று ஒன்று இருப்பதை டில்லி ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது. 2014இல் அதன் இடத்துக்கு வந்த ராஜீவ் காந்தி கேல் அபியான் ஒன்றியத்துக்கு ஒரு விளையாட்டு வளாகம் என்று அகலக்கால் வைத்தது. உள்ளரங்குக்கு 80 லட்சம், திறந்தவெளி மைதானத்துக்கு 80 லட்சம். இரண்டே ஆண்டில் அதுவும் 'கேலோ இந்தியா' என்ற புதுத் திட்டத்துக்குள் கரைந்துவிட்டது. திட்டத்தின் பெயர் மாறும்போதெல்லாம் பழைய பெயரில் கட்டிய மைதானம் அநாதையாகிறது. புதுத் திட்டத்தின் விதிகளில் அதற்கு இடமிருக்காது.

கிராமத்து மைதானத்துக்குப் பணம் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால், தலைநகருக்கு வெள்ளமாக வரும்; 28 ஆண்டுக்கு ஒருமுறை. 1982 ஆசியப் போட்டிகளுக்காகக் கட்டிய ஜவகர்லால் நேரு ஸ்டேடியத்தை 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கச் சுமார் 961 கோடி ரூபாய் ஆனது. புதிய சவ்வுக்கூரையோடு 60,000 பேர் உட்காரும் அரங்கம் பளபளவென்று எழுந்தது. இந்திரா காந்தி உள்ளரங்கத்துக்குச் சுமார் 669 கோடி, தால்கடோரா நீச்சல் குளத்துக்கு 377 கோடி, பாவ்நகர் மகாராஜா 1930களில் கட்டித் தந்த நேஷனல் ஸ்டேடியத்துக்கு 262 கோடி. போட்டி தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நேரு ஸ்டேடியத்துக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். மறுநாள் பளுதூக்கும் அரங்கில் உட்கூரையின் ஒரு பகுதி கழன்று விழுந்தது. போட்டிகளுக்கு ஆன மொத்தச் செலவை 18,532 கோடி ரூபாய் என்று கணக்கிட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஊழல்தான் தலைப்புச் செய்தியானது. போட்டி முடிந்தபின் இந்த அரங்கங்களை வைத்து என்ன செய்வது என்று உருப்படியான திட்டம் இல்லாததையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது. அந்தப் பக்கத்தை அவ்வளவாக யாரும் புரட்டவில்லை.

இந்திய விளையாட்டு ஆணையம் 2011இல் 'வாருங்கள், விளையாடுங்கள்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தலைநகரிலுள்ள அதன் ஐந்து அரங்கங்களையும் சிறு கட்டணத்தில் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்துவிடுவது நோக்கம். நல்ல யோசனை. போட்டிக்கு முன்பே வந்திருக்க வேண்டிய யோசனை. ஆனால் 60,000 பேருக்கான கூரையைக் காலையில் ஓடவருகிற சில நூறு பேரின் கட்டணத்தால் தாங்க முடியாது. எனவே கச்சேரிக்கு விடுகிறார்கள். 2024 அக்டோபரில் தில்ஜித் தோசாஞ்ஜின் இசை நிகழ்ச்சி முடிந்த மறுநாள், ஓடுதளத்தில் குப்பையும் மது பாட்டில்களும் கிடந்த காட்சியையும், உடைந்து கிடந்த தடை ஓட்டக் கருவிகளையும் அங்கே பயிற்சி செய்யும் ஓட்டக்காரர் ஒருவர் படம்பிடித்து வெளியிட்டார். நாடே பார்த்தது.

நேரு ஸ்டேடியத்தின் கதை அதோடு முடியவில்லை. மாற்றுத் திறனாளிகளுக்கான உலகத் தடகளப் போட்டிக்காக 2025 ஆகஸ்டில் அங்கே விலையுயர்ந்த மோண்டோ ஓடுதளம் போடப்பட்டது. அக்டோபரில் போட்டி நடந்துகொண்டிருந்தபோது வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இருவரைத் தெருநாய்கள் கடித்தன. நவம்பரில் வந்த செய்தி இன்னும் விசேஷம்: ஸ்டேடியத்தைப் பிரித்துவிட்டு, 102 ஏக்கரில் 'விளையாட்டு நகரம்' ஒன்றை உருவாக்கும் யோசனை விளையாட்டு அமைச்சகத்திடம் இருக்கிறது. புதுப்பித்து 15 ஆண்டு. ஓடுதளம் போட்டு மூன்றே மாதம்.

இதே தலைநகரில் அதே 2010 பணத்தில் புதுப்பிக்கப்பட்டு, வேறுமாதிரி வாழ்கிற இடங்களும் உண்டு. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் சிரி ஃபோர்ட், யமுனா விளையாட்டு வளாகங்கள் அவை. 1989இல் தொடங்கிய சிரி ஃபோர்ட் வளாகத்துக்கு காமன்வெல்த் போட்டிக்காகப் பூப்பந்து, ஸ்குவாஷ் அரங்குகள் கிடைத்தன. அதற்காக மரங்கள் வெட்டப்பட்டதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2009இல்தான் கட்டுமானத்துக்கு அனுமதி கிடைத்தது. சாய்னா நேவால் தங்கம் வென்றது அங்கேதான். போட்டி முடிந்தது, கூட்டம் கலைந்தது, வளாகத்துக்கு அதன் பழைய ஆட்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் உறுப்பினர்கள். சந்தா கட்டுகிறவர்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மறுநாளே சத்தம் போடுகிறவர்கள். உறுப்பினரல்லாதவர்களும் கட்டணம் கட்டி ஆடலாம். வாரம் முழுக்கக் காலடி படுகிற இடத்தில் பழுது நெடுநாள் மறைந்திருக்க முடியாது.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சந்தா கட்டமுடிந்தவர்களின் பகுதியில்தான் இந்த ஏற்பாடு செல்லும். ரோத்தக் கிராமத்து மைதானத்தில் நுழைவுக் கட்டணம் வைத்தால் அங்கே பந்தோடு வருகிற பையன்களில் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பொதுப்பணம் அவசியமாவது அங்கேதான்.

பராமரிப்பையும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று கேரளம் முயன்று பார்த்தது. 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிக்காகத் திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் 2015 ஜனவரியில் திறக்கப்பட்ட கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியத்தை ஒரு தனியார் நிறுவனம் தன் செலவில் கட்டி, பல ஆண்டு நடத்தி, பிறகு ஒப்படைக்க வேண்டும். அரசு ஆண்டுதோறும் தவணை தரும். காகிதத்தில் பழுதில்லாத ஏற்பாடு. ஆனால் பின்னணியில் இருந்த ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமம் 2018இல் கடனில் மூழ்கியது. 2021இல் மைதானம் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்கு விடப்பட்டு, புல்தரை சேதமானது. அங்கு நடப்பதாக இருந்த இந்திய - தென்னாப்பிரிக்கப் பெண்கள் கிரிக்கெட் தொடர் லக்னோவுக்குப் போய்விட்டது.

ராஞ்சியின் அனுபவம் இதற்கு நேர்மாறு. நான்கு ஆண்டு தள்ளிப்போய் 2011 பிப்ரவரியில் நடந்த 34ஆவது தேசிய விளையாட்டுக்காக அங்கே ஹோட்வாரில் எழுப்பிய பிரம்மாண்ட வளாகம், போட்டி முடிந்ததும் ஆளில்லாமல் கிடந்தது. அதைச் சுற்றி ஊழல் விசாரணைகளும் நடந்தன. 2015இல் மாநில அரசு, சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் என்ற பொதுத்துறை நிலக்கரி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இரு தரப்பும் சேர்ந்து அமைத்த சங்கம் அங்கே ஜார்க்கண்ட் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தங்குமிடத்தோடு பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. நிலக்கரி விற்ற காசில் விளக்கு எரிகிறது. எல்லா ஊரிலும் நிலக்கரி இல்லை என்பதுதான் சங்கடம்.

கவனிக்க வேண்டிய இன்னொரு முயற்சி சிறியது. கேலோ இந்தியா திட்டத்தில் 2020 முதல் மாவட்டங்களில் அமைக்கப்பட்ட சிறு மையங்களுக்கு, மைதானத்தைச் சீர்செய்யவும் கருவிகளுக்கும் ஒருமுறை 5 லட்சம் ரூபாய். அதன்பிறகு பயிற்சியாளரின் சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் ஆண்டுதோறும் 5 லட்சம். பயிற்சியாளராக ஒரு முன்னாள் வீரர் இருக்க வேண்டும். ஆயிரம் மையங்கள் என்ற இலக்கும் எட்டப்பட்டது. இதில் முக்கியம் முதல் 5 லட்சம் அல்ல, இரண்டாவது 5 லட்சம். தினமும் காலையில் மைதானத்துக்கு வந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, கம்பம் ஆடுகிறதா என்று பார்க்கிற ஒரு மனிதரை அது உண்டாக்குகிறது. நேரு ஸ்டேடியத்துக்கு 2010இல் செலவான 961 கோடியைக் கொண்டு இப்படிப்பட்ட ஆயிரம் மையங்களை 19 ஆண்டு நடத்தலாம். சர்வதேச அரங்கத்தையும் கிராமத்து மைதானத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அதிகாரிகள் கேட்பார்கள். வைக்கக்கூடாதுதான். ஆனால் பணம் ஒரே கஜானாவிலிருந்துதான் போகிறது. 2025-26 பட்ஜெட்டில் விளையாட்டு அமைச்சகத்துக்குக் கிடைத்தது 3,794 கோடி. அதில் கேலோ இந்தியாவுக்கு ஆயிரம் கோடி.

நன்றாகப் பராமரிக்கப்படுகிற இடத்திலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: அது யாருக்காக? 2022 மே மாதம் தில்லி தியாகராஜ் ஸ்டேடியத்தில் நடந்ததாக 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' வெளியிட்ட செய்தியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். இதுவும் 2010 போட்டிக்காகக் கட்டியதுதான். மாலை ஏழு மணிக்கே வீரர்களை வெளியேற்றிவிட்டு, ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி தன் நாயோடு அங்கே உலாவுகிறார் என்றது செய்தி. வீரர்களை வெளியேறச் சொல்லவில்லை என்று அந்த அதிகாரி மறுத்தார். ஆனால் அன்றைக்கே அவர் லடாக்குக்கும், அதிகாரியாக இருந்த அவர் மனைவி அருணாசலப் பிரதேசத்துக்கும் மாற்றப்பட்டார்கள். நாய்க்கும் வீரர்களுக்கும் நடுவே நசுங்கிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் செய்தி வந்த பிறகுதான், தன் அரங்கங்களெல்லாம் இரவு 10 மணிவரை திறந்திருக்க வேண்டும் என்று தில்லி அரசு உத்தரவிட்டது. நாற்பது டிகிரி வெயில் அடிக்கிற ஊரில், பகலில் படிக்கவோ வேலைக்கோ போகிற பிள்ளைகள் வேறு எப்போது ஓடுவார்கள் என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது அகமதாபாத்தின் முறை. நாரண்புரா என்ற குடியிருப்புப் பகுதியில் சுமார் 825 கோடி ரூபாயில் எழுந்த வீர சாவர்க்கர் விளையாட்டு வளாகம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியிலேயே ஆசிய நீச்சல் போட்டிகள் அங்கே தொடங்கிவிட்டன. தில்லியின் பெரிய அரங்கங்கள் பலவற்றுக்கும் இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு: வாசலைத் தாண்டினால் வீடுகள். மாலையில் நடந்தே வரக்கூடிய தூரத்தில் சிறுவர்களும் முதியவர்களும் இருக்கிறார்கள். 2030 வரை இந்த வளாகத்தின் நீச்சல் குளத்தில் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அதற்கு உத்தரவாதம் தர கிளாஸ்கோ முடிவே போதும். அகமதாபாத் மாநகராட்சி உறுப்பினர்கள் இன்றைக்கே கேட்டு வாங்கவேண்டியது 2031-32 பட்ஜெட்டில் அந்தத் தண்ணீருக்கும், விளக்குக்கும், காவலாளிக்கும் எந்தத் துறை எவ்வளவு எழுதப்போகிறது என்ற ஒரு தாளை.